இலை கூறும் உறவு

இலையைக் கொண்டு மரத்தை அறிவது மனிதர் நெடுங்காலமாகப் பழகிய வழி. மாவிலையைக் கண்டவர் மாமரம் என்பர். வேப்பிலையைக் கண்டவர் வேம்பு என்பர். வட அமெரிக்காவில் வளரும் ஆஸ்பென் மரத்தின் இலையோ தன் இனத்தின் பெயரைக் கூறுவதோடு நின்றுவிடுவதில்லை. எந்த மரம் எந்த மரத்திற்கு உறவு என்பதையும் அது கூறுகிறது.

ஆஸ்பென் இலை ஏறத்தாழ வட்டமானது. நுனி சற்றே கூரியது. விளிம்பில் சிறு பற்களைக் கொண்டது. காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருப்பதால், மெல்லிய காற்றுக்கும் அரசிலைபோல் நடுங்கும். இம்மரத்திற்கு விதை உண்டு. ஆயினும் மேற்கு மலைப்பகுதிகளில் இது பெரும்பாலும் வேரிலிருந்து முளைக்கும் கன்றுகளாலேயே பெருகுகிறது. ஒரே வேர்த்தொகுதியிலிருந்து எழுந்த தண்டுகள் காலப்போக்கில் ஒரு தோப்பாகிவிடுகின்றன. பார்வைக்குப் பல மரங்கள். மரபணுவால் ஒரே உயிர்.

அதனால் ஒரு தோப்பின் மரங்களில் இலைகள் ஒத்திருக்கும். அடுத்த தோப்பில் வேறுபடும். ஒன்றில் இலை அகன்றிருக்கும், மற்றொன்றில் குறுகியிருக்கும். பற்களின் எண்ணிக்கையும் மாறும். இலையுதிர் காலத்தில் ஒரு தோப்பு பொன்னிறமாய் ஒளிரும்போது, அதை ஒட்டிய தோப்பு இன்னும் பசுமை மாறாமல் நிற்பதும் உண்டு.

இத்தகைய வேறுபாடுகளைக் கூர்ந்து நோக்கியவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பர்ட்டன் பார்ன்ஸ். யூட்டா மாநிலத்தின் பிஷ்லேக் தேசியக் காட்டில் உள்ள பெருந்தோப்பு ஒன்று ஒரே உயிராகும் என்பதை அவரும் அவருடன் ஆய்ந்தவரும் 1970களில் புறத்தோற்றத்தைக் கொண்டே கணித்தனர். 1992இல் அதற்குப் ‘பாண்டோ’ எனப் பெயரிடப்பட்டது. இலத்தீனில் ‘நான் பரவுகிறேன்’ என்பது அதன் பொருள். சுமார் 43 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 47,000 தண்டுகளுடன் நிற்கும் அதன் ஒருமையை 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு உறுதிசெய்தது. இலை கூறியது பொய்க்கவில்லை.

ஆனால் இலையின் மொழி எளிதன்று. ஒரே மரத்திலும் இலைகள் பலவாறு அமையும். முந்தைய ஆண்டே மொட்டுக்குள் உருவாகி வசந்தத்தில் விரியும் இலை ஒருவகை. அவ்வாண்டுக் கோடையில் நீளும் கிளையில் புதிதாய்த் தோன்றும் இலை மற்றொரு வகை. வேரிலிருந்து எழும் இளங்கன்றின் இலையோ முதிர்ந்த மரத்தின் இலையைவிட மிகப் பெரியது. கன்றின் இலையை மரத்தின் இலையோடு ஒப்பிடுபவர் தாயையும் சேயையும் அயலார் எனக் கருதிவிடுவர். எனவே, முதிர்ந்த மரங்களின் குறுங்கிளைகளில் வசந்தத்தில் விரிந்த இலைகளையே ஆய்வாளர் ஒப்பிட்டனர். வயதால் வரும் வேற்றுமையை விலக்கினாலன்றிப் பிறப்பால் வரும் வேற்றுமை புலப்படாது.

இன்று பாண்டோவில் முதிர்ந்த தண்டுகள் பட்டுப்போகின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப வேண்டிய கன்றுகளை மான்களும் மாடுகளும் மேய்ந்துவிடுகின்றன. வேலியால் நன்கு காக்கப்பட்ட பகுதிகளில் மட்டும் கன்றுகள் தழைக்கின்றன. உறவை அறிய முயன்றவர் ஒப்பீட்டுக்கு உதவாதென ஒதுக்கிய அந்தப் பேரிலைக் கன்றுகளை நம்பியே அப்பெருந்தோப்பின் நாளை நிற்கிறது.