தேயிலைக் கட்டையில் ஓர் எழுதுகோல்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் வீதியில், மலைநாடு தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் சரிவிலே லுணுகலை அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் மூப்படைந்த தேயிலைச் செடிகள் மீள்நடுகைக்காகப் பிடுங்கப்படும்போது, அவற்றின் தூர்கள் பெரும்பாலும் லயத்து அடுப்புகளையே சென்றடைகின்றன.

அத்தகைய தூர் ஒன்றை அடுப்பினின்றும் காத்து, அதனைக் கடைந்து எழுதுகோலாக்க முனைந்தான் தோட்டத்து இளைஞன் ஒருவன். அவனுடைய பாட்டி கொழுந்து பறித்த மலையில் நின்ற செடி அது. கையொப்பமிட வேண்டிய இடங்களிலெல்லாம் கைநாட்டே வைத்தவர் அவர். அச்செடியின் கட்டையைக் கையிற் பிடித்து எழுத வேண்டும் என்பது பேரனின் விருப்பம். அத்தூரில் வெடிப்பும் பொந்தும் நீங்க எஞ்சியது மூன்று எழுதுகோல்களுக்குரிய கட்டையே.

கடைசல் வேலை அவனுக்கு இடர் தரவில்லை. கட்டையின் நடுவே 7 மில்லிமீற்றர் அளவில் துளையிட்டு, பித்தளைக் குழாயைப் பசையிட்டுச் செருகி, வெளிப்புறத்தைக் கடைந்து மெருகிட்டான். எனினும் முதலிரு எழுதுகோல்களும் உறுப்புகளைப் பொருத்தும் வேளையிலே பிளந்தன.

அதற்குத் தக்க காரணம் உண்டு. முனையுறுப்பும் சட்டைப்பையில் மாட்டும் கொளுவியின் அடியும் குழாயின் உள்ளளவினும் மயிரிழை பருத்தவையாகவே செய்யப்படுகின்றன. அவை அழுத்தத்தினாலேயே நிலைபெற வேண்டியவை. அம்மயிரிழைக்குமேல் எது சேர்ந்தாலும் குழாய் விரியும். குழாய் விரிந்தால் மெல்லிய மரச்சுவர் பிளக்கும். முதற் கோலில் குழாயினுள்ளே பசை வழிந்து இறுகியிருந்தது. இரண்டாவதில் கட்டையின் முகப்பு செங்குத்தாக அமையாமையால் உறுப்பு சாய்ந்து புகுந்தது.

மூன்றாவது கட்டையை அவன் கடைவதற்கு முன் உலரவிட்டான். ஊவாத் தேயிலையின் மணத்துக்குப் புகழ் தேடித்தரும் கச்சான் காற்றே ஈரக் கட்டைக்குப் பகையாகிறது. உலரும் மரம் சுருங்கும். உள்ளிருக்கும் பித்தளை சுருங்காது. ஆதலின் முகப்புகளில் மெழுகு பூசி, நிழலிலே மெல்ல உலர்த்துதல் வேண்டும். பின்னர் குழாயினுட் பசையை உருளை அரத்தால் நீக்கி, முகப்பைச் செங்குத்தாகச் சீவி, குழாயின் உள்விளிம்பைச் சற்றே சரித்துவிட வேண்டும். சுத்தியல் ஆகாது. வைஸின் இரு தாடைகளிலும் மரத்துண்டு வைத்து, கால் திருகாக இறுக்க வேண்டும். உறுப்புச் சாய்வதைக் கண்டால் உடனே நிறுத்த வேண்டும். மைக்குழலை வெளித்தள்ளும் திருகுறுப்பைச் சிறிது சிறிதாக அழுத்தி, இடையிடையே மைக்குழலைப் புகுத்திப் பார்த்தல் நன்று. குறைவாக அழுத்தியதை மீண்டும் அழுத்தலாம். மிகையாக அழுத்தியதை மரத்துக்கு ஊறின்றி மீட்டல் அரிது.

உலோகக் குழாயே இல்லாத கைவினைப் பேனாக்களும் உள. ஆந்திரத்து ராஜமகேந்திரவரத்தில் கே. வி. ரத்னம் 1932இல் தொடங்கிய பேனாத் தொழில் அவ்வகையில் பெயர்பெற்றது. அவருடைய பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935இல் மடல் எழுதினார். கந்தகம் மிகச் சேர்த்து இறுக்கிய றப்பராகிய எபொனைற்றில் கடையப்படும் அப்பேனாக்களில் உறுப்புகள் மரைகளால் இணைகின்றன. அங்கும் அவசரம் ஆகாது. மரையை முதலில் எதிர்த்திசையிற் சிறிது சுழற்றி, புரி புரியில் விழுவதை விரலால் உணர்ந்த பின்னரே முன்னோக்கித் திருக வேண்டும். தவறிப் பற்றிய மரையை வலிந்து திருகினால் புரி சிதையும்.

கடையும்போது நேரும் பிழைக்குப் பெரும்பாலும் மாற்றுண்டு. சற்று மெலிதாகக் கடைந்து மறைத்துவிடலாம். பொருத்தும்போது நேரும் பிழைக்கு மாற்றில்லை. வேலை முடிந்துவிட்டது என்று கை தளரும் நேரமும் அதுவே. மூன்றாவது கோல் பிளவின்றி அமைந்தது. அதற்காக அந்த இளைஞன் புதிதாகப் பெற்ற கருவி எதுவுமில்லை. தடை தென்பட்ட இடத்தில் கையை எடுக்க மட்டும் அவன் பழகியிருந்தான்.