இதய மருத்துவரைக் காணப் போகுமுன்

கடத்தூர்ப் பக்கத்தில் நெஞ்சில் எந்த வலி வந்தாலும் அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் 'வாயு'. ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, கடைசியாக ஒரு சோடா. இம்மூன்றும் தோற்ற பின்னரே மருத்துவர் நினைவுக்கு வருகிறார். அண்மையில் ஆலய மணிக்கூண்டின் படிகளில் ஏறியபோது நமக்கும் நெஞ்சில் கல்லை ஏற்றினாற்போல் ஒரு பாரம் தோன்றியது, நின்றதும் நீங்கிற்று. மறுநாளும் அவ்வாறே. உள்ளூர் மருத்துவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "சாமி, தள்ளிப் போடாம இதய நிபுணரைப் பார்த்துடுங்க" என்று சீட்டெழுதித் தந்தார். அவ்வாரத்திலேயே சேலத்தில் நாள் குறித்தாயிற்று.

என்ன ஆயத்தம் செய்வது என்று வினவியபோது, செபிப்பதாகச் சொன்னவர்களே மிகுதி. அது நமக்கு வேண்டியதுதான். ஆயினும் சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் மன்றாட்டும் மருத்துவரும் அடுத்தடுத்தே நிற்கின்றனர். ஒன்றிருக்க மற்றொன்று எதற்கு என்று அந்நூல் கேட்கவில்லை.

1816ஆம் ஆண்டு பாரிசு நகரில் லென்னெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருவரின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார், இதயமானி பிறந்தது. பின்னர் ஐந்தோவன் என்னும் டச்சு அறிஞர், நோயாளியின் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைக்கச் செய்து இதயத்தின் மின்னோட்டத்தை வரைந்தார். 1924இல் நோபல் பரிசும் பெற்றார். இத்தனை கருவிகள் வந்த பின்னும் மருத்துவர் முதலில் கேட்பது நம் வாய்மொழியைத்தான். அமைதியாய்ப் படுத்திருக்கையில் எடுக்கும் இ.சி.ஜி., படியேறுகையில் வரும் வலியைக் காட்டாமலே போகலாம். ஆகவே பாரம் எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எதனால் தணிந்தது, கைக்கோ தாடைக்கோ பரவிற்றா, வியர்த்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதினோம். உண்ணும் மாத்திரைகளை அட்டைகளோடு ஒரு பையில் இட்டோம். நாட்டு மருந்துப் பொட்டலமும் அதில் உண்டு. வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நன்று. மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தலாகாது.

எழுத இயலாமல் நின்ற இடம் ஒன்று உண்டு: தந்தையார் எத்தனை வயதில், எதனால் இறந்தார்? தந்தையோ உடன்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன்பும், தாயோ உடன்பிறந்த பெண்ணோ 65க்கு முன்பும் இதய நோய்க்கு ஆளாகியிருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியே குறித்துக்கொள்வர். அக்காவைக் கேட்டோம். "அறுபது இருக்கும் தம்பி. வாயுன்னுதானே சொன்னாங்க" என்றார். பிறந்த நாள் எழுதிவைக்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆனால் ஆலயத்தில் உண்டு. சொந்த ஊர்ப் பங்கிற்குச் சென்று பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். திருமுழுக்கு 1935, அடக்கம் 1987. ஐம்பத்திரண்டு வயது. காரணம் என்னும் கட்டத்தில், அக்காலத்துப் பங்குத்தந்தையின் கையெழுத்தில், 'மார்வலி' என்ற ஒரே சொல். எத்தனையோ பேருக்கு நாமே அக்கட்டத்தை நிரப்பியிருக்கிறோம். அது பின்னொரு நாள் மருத்துவருக்குப் பயன்படும் என்று எண்ணியதில்லை. நமக்கு இப்போது ஐம்பத்தாறு. தந்தையாரைவிட மூத்தவராகிவிட்டோம் என்பது அந்தப் பதிவேட்டின் முன்தான் உறைத்தது. சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம்.

இந்த ஆயத்தமெல்லாம் நின்று நிதானிக்க நேரம் உள்ளவர்க்கே. ஓய்விலும் தணியாத நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் குறித்த நாளுக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளர்க்கு வலியே இன்றியும் மாரடைப்பு வரக்கூடும். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் முதல் மாத்திரைகள் வைக்கப்பட்டுள்ளன. 1987இல் நம் வீட்டில் இருந்தது ஓமத் தண்ணீர்தான்.

மருத்துவரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதியுள்ளோம். மலையோரச் சிற்றூர்த் திருப்பலிக்கு மோட்டார் சைக்கிளில் போகலாமா என்பது மூன்றாவது. விடை எதுவாயினும் கேட்க ஒரு துணை வேண்டும். அச்சத்தில் பாதி காதில் விழாது. அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பதிவேட்டில் கண்டதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாதிருந்தவர், பிறகு தம்முடைய சர்க்கரைச் சீட்டையும் எடுத்து வருவதாகச் சொன்னார்.