புழுதிக்கு அடியில் நீலம்

ஸ்பெயினின் மலைப் பள்ளத்தாக்கில் ஒரு பொய்க் கல்லறைத் தோட்டத்தை ரசிகர்கள் மண்வெட்டியால் மீட்டார்கள். அதே படத்தின் நெகடிவை மீட்கும் வேலை இத்தாலியில் நடந்தது. மண்ணை அள்ளியது சுலபம். நிறத்தில்தான் சண்டை.

வட ஸ்பெயினில் பர்கோஸ் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் சான்டோ டொமிங்கோ டே சீலோஸ். கல் வீடுகளும் ஒரு பழைய மடாலயமும் கொண்ட சிற்றூர். மடத்துத் துறவிகள் பாடிய கிரெகோரிய வழிபாட்டுப் பாடல்கள் 1994-ல் இசைத்தட்டாக வந்து, பாப் பாடகர்களோடு விற்பனையில் போட்டி போட்டன. அதனால் ஊருக்கு வெளியுலகில் கொஞ்சம் பெயர் உண்டு. ஆனால் கோடையில் இங்கே வந்து வழி கேட்கிறவர்களில் பலருக்கு மடாலயம் இரண்டாம்பட்சம். அவர்கள் கேட்பது கல்லறைக்கு வழி.

ஊரைத் தாண்டியதும் மண் சாலை. இரு பக்கமும் ஜூனிப்பர் மரங்கள். தலைக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் நிதானமாக வட்டமிடுகின்றன. அவை எந்த சினிமாக் கம்பெனியும் கொண்டு வந்து விட்டவை அல்ல, இந்த மலையின் பழைய குடிகள். சாலை மிராண்டில்யா பள்ளத்தாக்கை அடையும் இடத்தில் மரங்கள் விலகுகின்றன. கீழே வட்டமாகக் கல் பாவிய களம். அதைச் சுற்றி வளையம் வளையமாக மண்மேடுகள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு மரச் சிலுவை அல்லது பலகை. எந்த மேட்டின் கீழும் பிணம் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

இதுதான் சாட் ஹில். 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் கடைசிக் காட்சியில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டும் எலி வாலக்கும் லீ வான் க்ளீஃபும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி நிமிடக்கணக்கில் நிற்கிறார்களே, அந்த இடம்.

1966 கோடையில் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே இங்கே வந்தார். கதை அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றியது. படமெடுத்ததோ பாலைவனக் காட்சிகளுக்குத் தெற்கே அல்மேரியாவிலும், போர்க் காட்சிகளுக்கு வடக்கே இந்த மலைகளிலும். ஸ்பெயின் அப்போது ஜெனரல் ஃபிராங்கோவின் கையில் இருந்தது. ராணுவம் ஆள் கொடுத்தது. பள்ளத்தாக்கில் சுமார் 5,000 பொய்க் கல்லறைகளை எழுப்பியதும், சற்றுத் தள்ளி அர்லான்சா ஆற்றின் மேல் பாலம் கட்டியதும் சிப்பாய்கள்தான்.

அந்தப் பாலத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. காட்சிப்படி அது வெடித்துச் சிதற வேண்டும். கட்டிய மரியாதைக்காக வெடி வைக்கும் பொறுப்பு ராணுவ அதிகாரி ஒருவருக்குத் தரப்பட்டது. யாரோ யாரிடமோ சொன்ன 'போ' என்ற சொல் அவர் காதில் சைகையாக விழுந்தது. கேமரா ஓடத் தொடங்கும் முன்பே பாலம் வானத்துக்குப் போய்விட்டது. ராணுவம் முகம் சுளிக்காமல் இன்னொரு பாலம் கட்டிக் கொடுத்தது. படத்தில் நாம் பார்ப்பது இரண்டாவது பாலம். ஒரு விதத்தில், இந்தப் படத்தின் முதல் மறுசீரமைப்பு வேலை அதுதான்.

படக்குழு போனது. சிலுவைகள் மறைந்தன. கல் களத்தை மண் மூடியது, மண்ணைப் புல் மூடியது, புல்லை மாடுகள் மேய்ந்தன. தூரத்து மலைகளின் விளிம்பை வைத்துத்தான் பழைய ரசிகர்கள் இடத்தை அடையாளம் கண்டார்கள். 2015-ல் இந்த வட்டாரத்து ஆர்வலர்கள் சிலர் சாட் ஹில் பெயரில் ஒரு சங்கம் அமைத்து மண்வெட்டியோடு இறங்கினார்கள். புல்லைக் கொத்தி எடுத்தபோது கற்கள் 1966-ல் பாவிய இடத்திலேயே கிடந்தன. செய்தி பரவியது. வார இறுதிகளில் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து தோண்டினார்கள். மறு ஆண்டு, படத்தின் 50-ஆம் ஆண்டில், அந்தக் களத்திலேயே திரை கட்டிப் படம் ஓட்டினார்கள். இந்தக் கூத்தை கில்யெர்மோ டே ஒலிவேரா ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறார் (2017). என்னியோ மாரிகோனேயின் கல்லறை இசையோடுதான் பல ஆண்டுகளாகக் கச்சேரியைத் தொடங்கும் 'மெட்டாலிகா' குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டும் அதில் பேசுகிறார்.

செலவுக்குச் சங்கம் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. 15 யூரோ கொடுத்தால் ஒரு சிலுவையில் உங்கள் பெயர். உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்லறை வாங்க உலகெங்கும் ஆள் கிடைத்தது. இன்று அங்கே நடப்பவர்கள் 1966-ன் சாட் ஹில்லைப் பார்ப்பதில்லை. கற்கள் பழையவை, மேடுகள் புதியவை, பெயர்கள் சந்தாதாரர்களுடையவை. இதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை. மீட்பு என்றால் கொஞ்சம் புதிதாகச் செய்வதும்தான் என்று மலையில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

படச்சுருள் விஷயத்தில் அந்தப் பெருந்தன்மை கிடையாது.

இதே படத்தின் நெகடிவ் சிகிச்சைக்குப் போனது இத்தாலியின் போலோனியா நகருக்கு. அங்கே பழைய புகையிலை ஆலையும் கசாப்புக் கூடமும் நகராட்சி ரொட்டி அடுமனையும் இருந்த பேட்டை இப்போது கலைப் பேட்டை. ரொட்டி சுட்ட இடம் நவீன ஓவிய அருங்காட்சியகம். நகரத்தின் திரைப்படக் காப்பகமான சினெடெகாவும் இந்தப் பக்கம்தான். அதோடு சேர்ந்த 'லிம்மாஜினே ரித்ரொவாதா' லேப் 1992-லிருந்து உலகின் பழைய படங்களுக்கு ஆஸ்பத்திரி. பெயருக்குப் பொருள், 'மீண்டும் கிடைத்த பிம்பம்'. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதயசங்கர் எடுத்த 'கல்பனா' (1948) புது உயிர் பெற்று 2012-ல் கான் விழாவுக்குப் போனதும் போலோனியாவிலிருந்துதான்.

இப்படி ஒரு லேபில் வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. மேஜையில், கையுறையில் தொடங்குகிறது. சுருளை அடி அடியாக உருட்டி, கிழிந்த ஓரத்துளைகளை ஒட்டி, உலர்ந்த பழைய ஒட்டுகளைப் பிரித்துப் போட்டு, கழுவி, அதன் பிறகே ஸ்கேனர். இந்தப் படத்தின் அமெரிக்கப் பதிப்பு 161 நிமிடம். வினாடிக்கு 24 வீதம் 2,31,840 ஃபிரேம்கள். ஒவ்வொன்றையும் தனிப் புகைப்படமாக எடுத்து, தூசி, கீறல், நடுக்கம் எல்லாவற்றையும் நீக்க வேண்டும்.

லியோனேயின் படங்களில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. அவர் பயன்படுத்தியது டெக்னிஸ்கோப் முறை. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேமுக்கு நான்கு துளை உயரம். டெக்னிஸ்கோப்பில் இரண்டே துளை. ஃபிலிம் செலவு பாதி, அகலத் திரையும் கிடைத்துவிடும். சிக்கனம் பிடித்த இத்தாலியத் தயாரிப்பாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பாதி உயரத்துப் படத்தைப் பெரிய திரைக்கு ஊதும்போது அதன் மணிகளும் சேர்ந்து ஊதும். உயர்தர டிஸ்க்கில், வீட்டு டிவியில், ஈஸ்ட்வுட்டின் கன்னத்தில் மணல் நெளிவது போலத் தெரியும். அதை மென்பொருளால் அழுத்தித் துடைத்தால் மணலோடு தாடி மயிரும் வியர்வையும் போய், மெழுகு பொம்மை மிஞ்சும். லியோனேயின் சினிமாவே முகங்களின் சினிமா. அந்த மணலை விட்டுவைப்பதுதான் நாணயமான வேலை. புத்தம் புதுப் படம் போலப் பளபளக்கவில்லையே என்று டிஸ்க் வாங்கியவர் புகார் சொன்னாலும் சரி.

நிறம் இதைவிடப் பெரிய தலைவலி. அக்காலக் கலர் பிரிண்ட்களின் சாயம் வருஷத்தோடு வெளுக்கும். டூரிங் டாக்கீஸில் பழைய கலர் படம் பார்த்தவர்களுக்கு இந்த நோய் தெரியும்: வானமும் சிவப்பு, வேட்டியும் சிவப்பு. டெக்னிகலர் கம்பெனியின் பழைய பிரிண்ட்கள் மட்டும் விதிவிலக்கு. காலண்டர் அச்சடிப்பது போல ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றாகச் சாயம் ஏற்றிய அவை எளிதில் வெளுப்பதில்லை. அப்படி ஒரு பிரிண்ட் கிடைத்தால் அதையே சாட்சியாக வைத்து நிறம் திருத்தலாம். ஆனாலும் சாட்சி முழுசாக உண்மை பேசும் என்று சொல்ல முடியாது. அன்றைய புரொஜக்டர்களில் எரிந்தது கார்பன் விளக்கு, இன்றைய விளக்கு வேறு. பிரிண்டுக்குப் பிரிண்டும் வித்தியாசம் இருந்தது.

2014-ல் போலோனியாவில் சீரமைத்த பதிப்பு ப்ளூ-ரே டிஸ்க்காக வந்தபோது ரசிகர்கள் அதிர்ந்தார்கள். படம் முழுக்க மஞ்சள். வெள்ளைச் சட்டை மஞ்சள், மேகம் மஞ்சள், நீல வானம் பச்சைக்குச் சாய்ந்தது. விவரம் கூடியிருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினின் உச்சி வெயில் எங்கே என்று கேட்டார்கள். கேள்வி கேட்க லியோனே இல்லை, 1989-ல் போய்விட்டார். ஒளிப்பதிவாளர் டோனினோ டெல்லி கொல்லி 2005-ல் காலமானார். எடிட்டர் நீனோ பராக்லியும் 2013-ல் மறைந்துவிட்டார். மிஞ்சியது ரசிகர்களின் ஞாபகம். ஞாபகத்திலும் ஓட்டை உண்டு. தியேட்டரில் பார்த்தவருக்கு ஒரு நிறம், வீடியோ கேசட்டில் பார்த்தவருக்கு ஒரு நிறம். தான் முதலில் பார்த்த நிறமே அசல் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்கிறார்கள். (கேசட்காரர்கள் பலர் அந்த மூவர் மோதலில் மூவரையும் சேர்த்துப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அகலத் திரையின் இரு ஓரங்களையும் டிவிக்காக வெட்டிவிடுவார்கள்.)

சாட் ஹில்லைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா? அதுவும் பயன்படாது. லியோனே படமெடுத்தது காய்ந்த கோடையில். வசந்தத்தில் போகிறவர் பார்ப்பது பச்சைப் பசேல் என்ற மேடுகளை. அறுபது ஆண்டுகளில் மரங்களும் வளர்ந்துவிட்டன.

ஆனால் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. திருடிய தெற்கத்திப் படை உடையில் ஈஸ்ட்வுட்டும் வாலக்கும் பாலைவனத்தில் வண்டியில் போகிறார்கள். எதிரே குதிரைப் படை வருகிறது. சாம்பல் நிற உடை, ஆகவே தெற்கத்தியார். வாலக் உற்சாகமாகத் தெற்குக்கு ஜே போடுகிறார், வடக்கைத் திட்டுகிறார். அதிகாரி அருகில் வந்து நிற்கிறார். கையுறையால் சட்டையைத் தட்டுகிறார். புழுதி பறக்கிறது. அடியில் நீலம். வந்தது வடக்கத்திப் படை. இருவரும் கைதிகள். முழு ஜோக்கையும் நிறமே சொல்லிவிடுகிறது. சாம்பல் சாம்பலாகவும் நீலம் நீலமாகவும் இருந்தால்தான் அது வெடிக்கும். படம் முழுக்க மஞ்சள் பூசினால் சாம்பல் பழுப்பாகும், நீலம் மங்கும், ஜோக் நமத்துப்போகும். இந்த ஒரு காட்சியை வைத்துப் பார்த்தாலே 2014 பதிப்பு தவறு என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் கினோ லோர்பர் நிறுவனம் 2017-ல் மஞ்சளைக் குறைத்து ஒரு டிஸ்க்கும், 2021-ல் மறுபடி நிறம் திருத்தி 4கே டிஸ்க்கும் வெளியிட்டது. சண்டை குறைந்தது, நிற்கவில்லை.

எந்தப் படம் அசல் என்பதிலும் தகராறு. இத்தாலியில் ஓடியது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அமெரிக்காவுக்கு வெட்டினார்கள். வெட்டிய காட்சிகளுக்கு ஆங்கிலக் குரலே பதிவாகவில்லை. 2003-ல் அவற்றைச் சேர்த்தபோது எழுபதைத் தாண்டிய ஈஸ்ட்வுட்டும் எண்பதைத் தாண்டிய வாலக்கும் மைக் முன் நின்று தங்கள் இளமைக்குக் குரல் கொடுத்தார்கள். வான் க்ளீஃப் 1989-லேயே இறந்துவிட்டதால் அவருக்கு வேறொருவர். ரோம் முதல் காட்சிக்குப் பிறகு லியோனே தானே நீக்கிய குகைக் காட்சியையும் சேர்த்துவிட்டார்கள். பழைய மோனோ ஒலியைப் பிரித்துப் பல ஸ்பீக்கர்களுக்கு மாற்றியபோது துப்பாக்கிச் சத்தங்களும் மாறின. 'அந்த டுமீல் எங்கள் டுமீல் இல்லை' என்பது இன்றும் தீராத மனக்குறை.

இந்த வழக்குகளெல்லாம் மேற்கத்தியருக்கு மட்டும் சொந்தமல்ல. ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் போலோனியாவின் பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் நாற்காலி போட்டு, இருட்டியதும் மீட்ட படங்களைத் திரையிடுகிறார்கள். 1986-ல் தொடங்கிய விழா. 2025 ஜூன் 27 அன்று அந்தத் திரையில் குதிரைகள் ஓடின. ஆனால் பாறைகள் பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்துப் பாறைகள். லியோனேயிடம் நிறையக் கடன் வாங்கிய 'ஷோலே', ஐம்பதாம் ஆண்டில், ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சீரமைத்த பதிப்பாக வந்தது. 1975-ன் நெருக்கடி நிலைக்கால சென்சார் மாற்றச் சொன்ன முடிவு இதில் கிடையாது. டாக்குர் கப்பர்சிங்கைப் போலீஸிடம் ஒப்படைப்பதில்லை, கொல்கிறார். இரண்டு தலைமுறை இந்தியர்கள் பார்த்து, விசிலடித்து, மனப்பாடம் செய்த முடிவு ஒன்று. இயக்குநர் எடுத்த முடிவு இன்னொன்று. மீட்கப்பட்டது எது, தொலைந்தது எது என்று இனி இங்கேயும் பேசலாம்.

சாட் ஹில்லில் மாலை வெயில் சாய்கிறது. மரச் சிலுவைக்கு மழையிலும் பனியிலும் ஆயுள் குறைவு. தன் பெயர் அழிந்திருக்கிறதா என்று ஒருவர் வரிசை வரிசையாகக் குனிந்து பார்க்கிறார். இன்னொருவர் செல்போனில் மாரிகோனேயின் இசையைப் போட்டுவிட்டு, வாலக்கைப் போலக் கல்லறைகளின் நடுவே வட்டமாக ஓடத் தொடங்குகிறார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்குகிறது. நண்பர் கேமராவைச் சரிபார்த்துவிட்டுக் கையசைக்கிறார்: பதிவாகவில்லை, இன்னொரு தடவை.