அச்சேறிய தமிழும் அரக்கேறிய தமிழும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை அச்சின் காலம் என்றே நம் இலக்கிய வரலாறுகள் வகுக்கின்றன. ஏடுகள் நூல்களாயின, இதழ்கள் பெருகின, உரைநடை வளர்ந்தது என்று நாமும் ஆண்டுதோறும் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். அதே ஆண்டுகளில் தமிழ்ப் பாட்டு அரக்குத் தட்டில் ஏறி, எழுத்தறியாதவர் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. நாம் நடத்தும் பாடத்திட்டத்தில் அந்தத் தமிழுக்கு இன்னும் இடமில்லை.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். மெழுகில் எடுத்த பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, தட்டாக வார்க்கப்பட்டுத் திரும்பியது. பாட்டின் முடிவில் பாடியவரே தம் பெயரைச் சொல்லும் வழக்கம் அதனால் வந்தது. தொலைதூர ஆலையில் இருப்பவருக்கு இது யாருடைய குரல் என்று தெரியவேண்டுமல்லவா? 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்தபின் கடல் கடக்கும் தேவை நீங்கியது. இதற்கிடையே சென்னையிலும் பதிவுகள் தொடங்கிவிட்டன. வித்துவான்கள் பலர் தயங்கி ஒதுங்கி நிற்க, துணிந்து பாட வந்தவர்களுள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண்கள் முன்னின்றனர்.

அது பெருங்குழலின் வாயில் பாடவேண்டிய காலம். ஒலிவாங்கி கொண்டு பதிவு செய்யும் முறை 1925க்குப் பிறகே பரவியது. அதுவரை குரலின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியாகவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடிப் பழகிய நாடகக்காரர்களுக்கு இது இயல்பாகக் கைவந்தது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபு அப்போது தமிழகமெங்கும் மேடையை ஆண்டுகொண்டிருந்தது. சுவாமிகள் 1922இல் மறைந்தார். அந்த மரபின் பாட்டுகளோ கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோரின் குரலில் தட்டுகளாகி ஊர் ஊராகப் போயின.

கம்பெனிகளுக்குள் போட்டியும் கடுமையாக இருந்தது. 'நாய் மார்க்' என்று மக்கள் அழைத்த ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், அதே கம்பெனியின் மலிவுத் தட்டான ட்வின், கொலம்பியா, ஜெர்மானிய ஓடியன் எனப் பல. ஓடியன் தட்டுகளைத் தென்னாட்டில் விற்கவே ஏ.வி. மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். பின்னாளில் ஏ.வி.எம். என்று பேரெடுத்த படநிறுவனத்தின் வேர் இசைத்தட்டு வணிகத்தில்தான் இருக்கிறது.

எங்கள் கடற்கரைக்கும் அந்தத் தட்டுக்கும் ஓர் உறவு உண்டு. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்கு வங்கத்துப் பெண்களின் வளையலாகப் போயிற்று. வங்கத்திலிருந்து தட்டு வந்தது. முத்து ஒரு சிப்பியின் சுரப்பு. தட்டை வார்த்த அரக்கு, வடக்கே காட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சியின் சுரப்பு.

சென்ற ஆண்டு முத்தையாபுரத்தில், முன்பு உப்பளக் கணக்குப்பிள்ளை ஒருவர் வாழ்ந்த வீட்டின் பரணைக் காலி செய்தபோது ஒரு மரப்பெட்டி இறங்கியது. பழைய இரும்புக்காரர் வேண்டாமென்று ஒதுக்கியதை அவ்வீட்டுப் பிள்ளையான நம் மாணவர் நம்மிடம் சேர்த்தார். 27 தட்டுகள், அவற்றுள் 5 உடைந்தவை. நடுவிலுள்ள வட்டத் தாள்களைப் படித்துப் பார்த்தோம். கம்பெனியின் சின்னம் இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது, ராகமும் இருந்தது. பாட்டை இயற்றியவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

வேறொன்றும் கண்ணில் பட்டது. ஆங்கில பேண்டு இசைத்தட்டுகள் இரண்டும் கடையிலிருந்து அன்று வந்தவைபோல் கறுத்துப் பளபளத்தன. கிட்டப்பாவின் தட்டோ சாம்பல் பூத்திருந்தது. "அது தேஞ்சதுக்கு எங்க மாமாதான் சார் காரணம். வெளக்கு வச்சா அதத்தான் போடுவாவ" என்றார் மாணவரின் ஆச்சி.

கிட்டப்பா 1933 டிசம்பரில், முப்பது வயதைத் தொடாமலே இறந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. அவர் குரலுக்குத் தட்டு ஒன்றே சாட்சி. உள்ளூரில் ஒருவரிடம் சாவி கொடுத்து ஓட்டும் பழைய பெட்டி இருந்தது, எஃகு ஊசியும் இருந்தது. உடனே கேட்டுவிட மாணவர்கள் துடித்தனர். நாம் இசையவில்லை. அந்த ஊசி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையோடு தட்டை அழுத்தும். ஒவ்வொரு முறை கேட்பதும் சிறிது அழிப்பதே. சில கிராம் மட்டுமே அழுத்தும் கருவி வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருவரிடம் எடுத்துச்சென்று கணினிக்கு மாற்றினோம். மூன்று நிமிடத்தில் பாதிக்கு மேல் இரைச்சல். குரல் உரக்க எழும் இடங்களில்தான் ஊசி தடத்தை மிகுதியாக அரைக்கும். ஆகவே எந்த உச்சத்துக்காக அவரைத் தேடிக் கேட்டார்களோ, அந்த உச்சமே முதலில் போயிருக்கிறது. எஞ்சிய இடங்களில் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன.

பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில் ஓடியன் தட்டுகளைத் தேடியெடுத்து எண்மமாக்கினார்கள். மிக நல்ல பணி. ஆயினும் சேகரிப்பாளர்கள் பழுதற்ற தட்டையே விரும்புவர். பழுதற்றது என்றால் பெரும்பாலும் குறைவாகக் கேட்கப்பட்டது என்று பொருள். அவற்றை மட்டும் வைத்து எழுதும் வரலாறு, மக்கள் அதிகம் கேளாத பாட்டின் வரலாறாகிவிடும். நூலில் வாசகன் அடிக்கோடிட்ட இடத்தை நாம் மதிக்கிறோம். தட்டின் தேய்வும் கேட்டவர் இட்ட அடிக்கோடுதானே?

எனவே இவ்வாண்டு நாடக இலக்கியம் பயிலும் மாணவர்களிடம் ஒரு பணி கொடுத்திருக்கிறோம். தட்டின் எண், கம்பெனி, பாடியவர் பெயர் ஆகியவற்றோடு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அவ்வீட்டில் யார் எந்த வேளையில் கேட்டார்கள் என்பதையும் குறித்துவர வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். இதைப் படிக்கும் நண்பர்களும் தத்தம் ஊரில், பரணைக் காலி செய்யும் முன், தேய்ந்ததென்று எறியப் போகும் தட்டை ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். பக்கத்தில் பெரியவர் எவரேனும் இருந்தால் அவரையும் கேட்டுவிடுங்கள்.