தோளில் ஆடும் லீலி மலர்

நியூயார்க் மாநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகத் திரும்புவர். நாங்களும் முதல் இரண்டு நாட்கள் அவ்வாறே திரிந்தோம். எம்பயர் ஸ்டேட் கட்டடம், டைம்ஸ் சதுக்கம், சென்ட்ரல் பூங்கா ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று. நாங்கள் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜூலை மாத வெயிலைப் பற்றி மட்டும் ஒரு சொல். குளிர்நாடு என்றெண்ணிக் கம்பளி ஆடைகளோடு போய் இறங்கிய எங்களுக்கு அவ்வூர்ப் புழுக்கம் சென்னையை நினைவூட்டிற்று. சுரங்க ரயில் நிலையங்களில் நிற்பது அடுப்படியில் நிற்பது போலிருந்தது. இரவு எட்டு மணிக்கும் பகல் வெளிச்சம் இருப்பதால் மக்கள் வெகுநேரம் தெருவிலேயே பொழுதைப் போக்குகின்றனர். நாங்கள் காண விரும்பிய திருவிழாக்களும் அத்தெருக்களில்தான் நடைபெறுகின்றன.

மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து ஸ்டேட்டன் தீவுக்குச் செல்லும் படகில் கட்டணம் கிடையாது. காசில்லாமல் கடற்காற்று வாங்கிக்கொண்டே சுதந்திரச் சிலையைக் காண இதைவிட நல்ல வழியில்லை. 1886இல் திறந்து வைக்கப்பெற்ற அச்சிலைக்கு அருகில் எல்லிஸ் தீவு தெரிகின்றது. 1892 முதல் 1954 வரை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் அத்தீவின் வழியாகவே இந்நாட்டிற்குள் நுழைந்தனர். மூட்டை முடிச்சுகளோடு வந்த அவ்வேழைகளுள் கத்தோலிக்கர் மிகப் பலர். இந்நகரின் திருவிழாக்கள் அம்மூட்டைகளில் வந்தவையே.

படகுத்துறைக்கு எதிரே, வானளாவும் மாளிகைகளுக்கிடையில், பழைய செங்கற் கட்டடம் ஒன்று ஒடுங்கி நிற்கின்றது. அதையொட்டியுள்ளது செபமாலை அன்னையின் ஆலயம். இந்நகரில் 1774இல் பிறந்து, 1805இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, 1975இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற எலிசபெத் ஆன் சீற்றன் அம்மையார் ஒரு காலத்தில் குடியிருந்த இடம் அது. பிற்காலத்தில், துணையின்றிக் கப்பலிறங்கிய அயர்லாந்து நாட்டு இளம்பெண்களைக் கயவர் கையில் சிக்காமல் காக்கும் இல்லமாக அக்கட்டடம் விளங்கியது. உள்ளே சற்று நேரம் அமர்ந்திருந்தோம். வெளியே இருந்த இரைச்சலில் ஒரு துளியும் அங்கே இல்லை.

ஐந்தாம் அவென்யூவிலுள்ள புனித பத்திரிசியார் பேராலயத்தையும் கண்டோம். 1858இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1879இல் திறக்கப்பட்டது. ஏழை அயர்லாந்துக்காரர் சேர்த்துக் கொடுத்த காசும் அதில் உண்டு. ஆனால் எங்களை நிறுத்தியது அதன் பளிங்குச் சுவர்களல்ல. பீடத்தின் அடியிலுள்ள கல்லறையில், பேராயர்களுக்கு நடுவே, வணக்கத்துக்குரிய பியேர் தூசேன் என்ற பொதுநிலையினர் ஒருவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஹெயிட்டித் தீவில் அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர் அவர்; இந்நகரில் சீமாட்டிகளுக்குச் சிகையலங்காரம் செய்து பொருளீட்டி, அநாதைப் பிள்ளைகளுக்கும் ஆலயப் பணிக்கும் வாரி வழங்கியவர். வாழ்ந்த காலத்தில் நிறத்தின் பெயரால் அவமதிப்புகளைத் தாங்கியவருக்கு இன்று அத்தகைய இடம்!

ஞாயிறன்று கிழக்கு ஆற்றைக் கடந்து, புரூக்ளினைச் சேர்ந்த வில்லியம்ஸ்பர்க் பகுதிக்குச் சென்றோம். அங்குள்ள கார்மேல் அன்னை பங்கில், அன்னைக்கும் நோலா நகர்ப் புனித பவுலினுசுக்கும் சேர்த்து ஜூலையில் பெருவிழா எடுக்கின்றனர். நோலா என்பது இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஊர். அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் 1903இல் தொடங்கிய விழா இது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலாவின் ஆயராய் இருந்தவர் பவுலினுஸ். பெருஞ்செல்வத்தைத் துறந்தவர், புனித அகுஸ்தீனாரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். அவரைப் பற்றித் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஒரு வரலாறு எழுதிவைத்துள்ளார். வாண்டல் இனத்தார் படையெடுத்து வந்து, ஊராரைச் சிறைப்பிடித்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனராம். தன் மகனை மீட்கப் பொருள் கேட்டு வந்த கைம்பெண் ஒருத்திக்குக் கொடுக்க ஆயரிடம் காசு எதுவும் மிஞ்சவில்லை. எனவே அம்மகனுக்கு ஈடாகத் தம்மையே கொடுத்து அடிமையாய்ச் சென்று, தோட்ட வேலை செய்தார். அவர் ஓர் ஆயர் என்பது தெரியவந்தபோது, அவரோடு நோலாவின் கைதிகள் அனைவரையும் விடுவித்தனர். திரும்பி வந்தவரை மக்கள் லீலி மலர் ஏந்தி வரவேற்றதாக ஊர் மரபு கூறுகின்றது. இத்தாலிய மொழியில் அம்மலருக்கு 'ஜீலியோ' என்று பெயர். காலப்போக்கில் மலர் வளர்ந்து கோபுரமாயிற்று.

வளர்ந்தது என்றால் எவ்வளவு! 70 அடிக்கு மேல் உயரம். ஏறத்தாழ 4 டன் எடை. உச்சியில் புனிதரின் சுரூபம். அடித்தளத்து மேடையில் ஊதுகொம்புகளும் முரசுமாக வாத்தியக்குழு ஒன்று முழுமையாய் அமர்ந்திருக்க, பாடகர் ஒருவரும் ஏறி நிற்கிறார். இத்தனையையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆடவர் தோள் கொடுத்துத் தூக்குகின்றனர். சக்கரம் கிடையாது, வடம் கிடையாது. 'கப்போ' எனப்படும் தலைவர் கைத்தடியுடன் முன்னே நின்று கட்டளையிடுகிறார். ஒரு கணம் முழு அமைதி; அடுத்த கணம் கோபுரம் தரையை விட்டு எழும்புகின்றது. வாத்தியம் முழங்க, தூக்கியவர்கள் இசைக்கேற்பக் கால் மாற்றி ஆட, உச்சியிலுள்ள புனிதரும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே அசைந்தாடுகிறார். கீழே நின்ற எங்களுக்கு நெஞ்சு படபடத்தது.

மறுபுறத்திலிருந்து இதே போல் தோளில் சுமந்த படகு ஒன்று வருகின்றது. அதில் துருக்கிச் சுல்தான் வேடம் பூண்டவர் நிற்கிறார். கிரகோரியார் எழுதிய வாண்டல்கள் எப்படித் துருக்கியர் ஆனார்கள் என்று வரலாற்றறிஞர் கேட்கலாம். தெருவில் எவரும் கேட்கவில்லை. கோபுரமும் படகும் நேருக்கு நேர் சந்தித்தபோது முதியவர்கள் கண்களைத் துடைத்துக்கொண்டனர்.

வாசக நேயர்களே, அந்த முதியவர்கள் இப்போது அவ்வூரார் அல்லர் என்பதை நாங்கள் பிறகே அறிந்தோம். வில்லியம்ஸ்பர்க் இன்று செல்வந்த இளைஞர்களின் குடியிருப்பு. ஆற்றோரத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. வாடகையோ சாமானியர் நெருங்க முடியாதது. தூக்குவோரில் பெரும்பகுதியினர் லாங் ஐலண்டு, நியூ ஜெர்சி முதலிய இடங்களில் வாழ்கின்றனர். பாட்டன் நின்ற அதே கம்பின் அடியில் பேரன் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஆண்டுதோறும் வருகின்றனர். சிறுவர்கள் பழகுவதற்கென்று சிறிய ஜீலியோ ஒன்றும் உண்டு. அதைத் தூக்கிய பொடியன்களின் முகத்திலிருந்த பெருமிதத்தைக் காண வேண்டுமே! புதுக் குடியினரோ மாடிகளிலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் சிலரும் தோள் கொடுக்கும் நாள் வருமோ, அறியோம். நம் ஊர்கள் சிலவற்றில் தூக்க ஆளில்லாமல் சப்பரத்தை டிராக்டரில் ஏற்றுவதை நினைத்துக்கொண்டோம்.

ஜூலை 16ஆம் நாள் கார்மேல் அன்னையின் திருநாள். அன்று மன்ஹாட்டனின் வடபகுதியான கிழக்கு ஹார்லெமில், 115ஆம் தெருவிலுள்ள மற்றொரு கார்மேல் அன்னை ஆலயத்திற்குச் சென்றோம். இதுவும் ஒரு காலத்தில் இத்தாலியர் நிறைந்த பகுதியே. 1880களில் தொடங்கிய அவர்களது பக்தி, திருத்தந்தையின் இசைவோடு 1904இல் அன்னையின் சுரூபத்திற்கு முடிசூட்டும் அளவிற்குப் புகழ் பெற்றது. நோயினின்று நலம் பெற்றவர்கள் மெழுகில் வார்த்த கை, கால், இதயம் ஆகியவற்றைக் காணிக்கை கொண்டு வருவார்களாம். வேளாங்கண்ணி செல்வோருக்கு இது புதுமையன்று.

ஆயினும் அதே ஆலயத்தில், அதைக் கட்ட உழைத்த இத்தாலியர், தொடக்கத்தில் கீழறையில்தான் வழிபட வேண்டியிருந்தது. மேல் கோவில் முன்னரே குடியேறிய அயர்லாந்தியருக்கும் ஜெர்மானியருக்கும் உரியதாய் இருந்தது. ஏழ்மையும், பேச்சும், தெருவில் ஆடிப்பாடும் பக்தியும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பல ஆண்டுகள் சென்றே அன்னை மேலே ஏறினாள். ஒரே பீடத்தின் மக்கள் மேலென்றும் கீழென்றும் பிரிந்து நின்ற கதையை அமெரிக்காவில் மட்டும்தான் கேட்கிறோமா? நம் நாட்டுக் கோவில்களுக்குள் எழுந்த சுவர்களை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதில் கல்லெறிய மாட்டார்கள்.

இப்போது இத்தாலியரும் பெரும்பாலும் வேறிடம் பெயர்ந்துவிட்டனர். அன்று நாங்கள் கண்ட திரள் ஹெயிட்டி மக்களுடையது. பேராலயத்தில் கல்லறை கொண்டுள்ள தூசேனின் நாட்டவர். அவர்கள் தாய்நாட்டிலும் இதே நாளில் சோதோ அருவிக்கு மக்கள் அன்னையைத் தேடித் திருப்பயணம் செல்வது மரபு. நாடு விட்டு வந்தவர்களுக்கு 115ஆம் தெருவே அருவியாயிற்று. பிரெஞ்சிலும் கிரியோலிலும் பாடல்கள் எழுந்தன. பெண்கள் சிலர் வெயிலில் கைகளை விரித்து நின்று மன்றாடினர். அவர்களுடைய நாட்டில் நடப்பதைச் செய்தித்தாள்களில் படிக்கும் நமக்கு அம்மன்றாட்டின் பொருளை எவரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

திருப்பலி முடிந்து கூட்டம் கலையத் தொடங்கிற்று. தடியூன்றி வந்த இத்தாலிய மூதாட்டி ஒருவர் ஆலயப் படிகளின் அடியில் தயங்கி நின்றார். பக்கத்தில் நின்ற ஹெயிட்டி இளைஞன் கை நீட்டினான். அவர் ஒன்றும் பேசாமல் அவன் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மேலே ஏறினார்.