வெங்காயம் போட்டு ஒரு ஹெர்ரிங்!

எட்டு வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தவளிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அங்கே என்னதான் சாப்பிட்டீங்க?" என்பதுதான். ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு என்று சொன்னால், "ஐயோ பாவம்" என்பார்கள். "ஹெர்ரிங்னு ஒரு மீன். அடுப்பில் வைக்காமலே சாப்பிடுவோம்" என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். சிலர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பார்க்கட்டும்! அந்த ஊர்களை நினைத்தால் எனக்குக் காற்றாலையும் அரண்மனையும் ஞாபகம் வருவதில்லை. இந்த மீன்தான் வருகிறது.

ஹெர்ரிங் நமக்கு அப்படியொன்றும் அந்நியமில்லை. எங்கள் பக்கம் சாளை என்கிறோமே, சென்னையில் மத்தி, கவலை என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஒரே குடும்பத்து மீன். அதே வெள்ளி மினுமினுப்பு, அதே கவட்டை வால், அதே பொடி முள். அளவில் கொஞ்சம் பெரிது. குளிர்காலத்தில் மெலிந்து கிடக்கும் ஹெர்ரிங், வசந்தத்தில் கடலில் பெருகும் நுண்ணுயிர்களைத் தின்று மே, ஜூனில் கொழுக்கும். சீசனில் நெய்ச்சாளையைப் பொரித்தால் சட்டியில் எண்ணெய் கூடுமே, அது மாதிரிதான்.

இவருக்கு முதலில் ரோட்டர்டாம் துறைமுகத்தில் வேலை. வீடு ஹேக் நகரத்தில். டிராம் ஏறினால் பத்து நிமிடத்தில் ஸ்கேவனிங்கன் கடற்கரை. அங்கே ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கொடி நாள் கொண்டாடுவார்கள். கப்பல்களில் தோரணம், வாத்தியம், பழைய மீனவர் உடையில் பெண்கள் என்று ஊரே திருவிழாக் கோலம். அந்த வருடத்துப் புது ஹெர்ரிங் வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் பீப்பாயை ஏலம் விட்டு, அந்தப் பணத்தை ஏதாவதொரு நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள்.

'புது ஹெர்ரிங்' என்ற பெயரை இஷ்டத்துக்கு வைத்துவிட முடியாது. மீனில் குறைந்தது 16 சதவிகிதம் கொழுப்பு இருக்கவேண்டும். சினை பிடித்திருக்கக் கூடாது. பிடித்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிடுவார்கள். ஆனால், கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிடுவார்கள். சூட்சுமமே அதில்தான். கணையத்தில் ஊறும் நொதியும் கொஞ்சம் உப்பும் சேர்ந்து மீனை மெதுவாகப் பக்குவப்படுத்துகின்றன. 14-ம் நூற்றாண்டில் பீர்ஃப்லீட் என்ற ஊரில் வாழ்ந்த வில்லம் போய்க்கல்ஸோன் என்ற மீனவர்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று டச்சுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கெடாமல் பீப்பாயில் அடைத்து ஊர் ஊராக விற்க முடிந்ததால் அவர்களுக்குக் கொட்டிய காசு கொஞ்சநஞ்சமல்ல. ஆம்ஸ்டர்டாம் நகரமே ஹெர்ரிங் முள்ளின் மேல் கட்டியதுதான் என்று ஒரு வழக்கு உண்டு.

அப்புறம், 'பச்சை மீன்' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மீனில் இருக்கும் புழு சாகவேண்டும் என்பதற்காக, மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறையவைத்த பிறகே விற்கவேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. உப்பில் ஊறி, நொதியில் பக்குவமாகி, உறைந்து, உருகி வருவதைப் பச்சை என்று சொல்வது பாதிதான் சரி.

சாப்பிடுவது தெருவில். தள்ளுவண்டி மாதிரி ஒரு சின்னக் கடை, மேலே கொடி. நாம் கேட்ட பிறகுதான் மீனைக் கையில் எடுப்பார் கடைக்காரர். கத்தி ரெண்டு இழுப்பு இழுக்கும். தோல் ஒரு பக்கம், நடுமுள் ஒரு பக்கம் வந்துவிடும். வாலில் மட்டும் ஒட்டியபடி ரெண்டு சதைத் துண்டு நம் கையில். பொடியாக நறுக்கிய வெங்காயத்தில் புரட்டி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் இறக்கவேண்டும். ஆம்ஸ்டர்டாம்காரர்கள் துண்டு போட்டு, வெள்ளரி ஊறுகாயோடு, குட்டிக் கொடி குத்திய குச்சியால் சாப்பிடுவார்கள். ஹேக்வாசியான எனக்கு அதெல்லாம் நாசூக்கு.

ருசி? மீன் வாடையே இருக்காது. வெண்ணெயில் லேசாகக் கடல் உப்பைத் தூவியது மாதிரி இருக்கும். வெங்காயம் நறுக்கென்று கடிபடும். ரெண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு டிராம் பிடிக்கலாம். தனியாகப் போய்ச் சாப்பிட்டாலும் தனிமையாகத் தோன்றாத சாப்பாடு அது. மழைக்கோட்டுப் பாட்டியும் டை கட்டிய ஆபீசரும் பக்கத்தில் நின்று அண்ணாந்துகொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள்.

பக்கத்து ஊரான லைடனில் இந்த மீனுக்கு வேறொரு மரியாதை. 1574-ல் ஸ்பானியப் படை அந்த ஊரை முற்றுகையிட்டதில் பட்டினியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அக்டோபர் 3-ம் தேதி முற்றுகை உடைந்து படகுகள் உள்ளே வந்தபோது, மக்களுக்குக் கிடைத்த முதல் சாப்பாடு ஹெர்ரிங்கும் வெள்ளை ரொட்டியும். இன்றைக்கும் அந்தத் தேதியில் ஊர்க்காரர்களுக்கு அதே இரண்டையும் வழங்குகிறார்கள். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தபோது எனக்கு நம் ஊர்க் கோயில் பிரசாதம்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்து வருடம் கழித்து இவருக்கு ஸ்வீடனில், கோத்தன்பர்க்குக்கு மாற்றல். அந்த ஊர் மீன் அங்காடியே சர்ச் மாதிரி கூரையோடு இருக்கும். 1874-ல் கட்டியது. பெயரும் 'மீன் சர்ச்'தான். அங்கே 'மாட்யெஸ்' என்று புது ஹெர்ரிங்கின் டச்சுப் பெயரையே ஒரு டப்பாவில் பார்த்து என் மகள் துள்ளிக் குதித்தாள். வீட்டுக்கு வந்து திறந்தால் இனிப்பு! பட்டை, சந்தனம் எல்லாம் போட்டு ஊறவைத்தது. பெயர் ஒன்று, பண்டம் வேறு. அன்றைக்கு அவள் அழுதாள். மீனுக்காக மட்டும் அழவில்லை. மூன்றாம் வகுப்புத் தோழிகளை ஹேக்கில் விட்டுவிட்டு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஸ்வீடன்காரர்கள் ஹெர்ரிங்கை வேறு விதமாக நடத்துகிறார்கள். அட்லாண்டிக் பக்கம் பிடிபட்டால் அதற்கு 'சில்' என்று பெயர். பால்டிக் கடலில் வடக்கே பிடிபட்டால், அதே இனம்தான், ஆனால் சின்னதாக இருக்கும். அதற்கு 'ஸ்ட்ரோம்மிங்' என்று பெயர். இதை நொதிக்கவைத்து டப்பாவில் அடைத்தால் டப்பாவே உப்பிக்கொண்டு நிற்கும். அதைத் திறந்தால் வரும் வாடையைப் பற்றி இங்கே எழுதவேண்டாம். சாப்பாட்டு நேரமாக இருக்கலாம்.

நான் சொல்ல வந்தது ஜாடி ஹெர்ரிங். உப்பு மீனைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, வினிகர் ஒன்று, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று என்ற கணக்கில் காய்ச்சி ஆறவைத்த கரைசலில் போடுவார்கள். வெங்காயம், காரட், மிளகு, பிரிஞ்சி இலை, சர்வசுகந்தி எல்லாம் உண்டு. 'ஒன்று-இரண்டு-மூன்று' என்றாலே ஸ்வீடனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு ஜாடியில் கடுகு, ஒன்றில் வெங்காயம், ஒன்றில் தயிர் மாதிரி புளித்த கிரீம் என்று மேஜை நிறைய ஜாடிகளாக நிற்கும். ஒருமுறை டென்மார்க் போனபோது மஞ்சள் நிறத்தில் கறிப்பொடி போட்ட ஹெர்ரிங்கையே கம்புரொட்டி நிற ரை பிரெட் மேல் வைத்துக் கொடுத்தார்கள். ஆப்பிள் துண்டு வேறு. கறி என்று நாம் கொடுத்தது எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகியிருக்கிறது!

ஜூன் 19-க்கும் 25-க்கும் நடுவில் வரும் வெள்ளிக்கிழமை 'மிட்சொம்மர்'. இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, பெரியவர்கள்கூட தவளை மாதிரி குதித்துக் குதித்து ஆடுவார்கள். பிறகு நீளமான மேஜையில் சாப்பாடு. முதல் தட்டு ஹெர்ரிங்குக்குத்தான். கூடவே புது உருளைக்கிழங்கு, சோயிக்கீரை. அந்தத் தட்டை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் வரும். ஹாலந்தில் நின்றுகொண்டே ரெண்டு நிமிடத்தில் முடிந்த மீன், இங்கே உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஓடும். பக்கத்து வீட்டம்மா என் மகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ஜாடியில் என்ன இருக்கிறது என்று சொல்லித்தருவார். அந்த மேஜையில்தான் என் மகள் ஸ்வீடிஷ் பேச ஆரம்பித்தாள்.

ஹெர்ரிங் வற்றாத மீனும் இல்லை. அளவில்லாமல் பிடித்ததில் வடகடலில் மீன் அடிமட்டத்துக்குப் போய், 1977-ல் பிடிப்பதற்கே தடை போட்டார்கள். மீள்வதற்குச் சில வருடங்கள் ஆயின. ஹாலந்தில் வயதானவர்கள் ஹெர்ரிங் கிடைக்காத அந்த ஜூன்களைப் பற்றி இன்னும் பேசுவார்கள். நம் நெய்ச்சாளையும் 2012-க்குப் பிறகு சில வருடம் காணாமல் போனதே, குளச்சல்காரர்களுக்கு அது தெரியும்.

மாமனார் காலமான பிறகு அத்தையைத் தனியே விட மனமில்லாமல் ஊருக்கு வந்துவிட்டோம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இப்போது பதினைந்து. தமிழ் நன்றாகப் பேசுகிறாள். ஸ்வீடிஷ் போனில் ஓடுகிறது. டச்சுதான் கரைந்துகொண்டே வந்தது. நான்கு வயதில் தமிழுக்குச் சமமாகப் பேச ஆரம்பித்த பாஷை. போன வருடம் ஒருநாள் என்னிடம் வந்து, "அம்மா, யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத் தடங்காம வர்றது ஒரே ஒரு வாக்கியம்தான்" என்றாள்.

என்ன வாக்கியம் தெரியுமா? "மெட் அய்ட்யஸ், ஸோண்டர் ஸ்யூர்." வெங்காயம் போட்டு, ஊறுகாய் இல்லாமல். ஹெர்ரிங் கடைக்காரரிடம் சொல்வது.

"இங்கே சாளையில செய்ய முடியாதா?" என்று கேட்டாள். இவர், "டீப் ஃப்ரீசர்தான் இருக்கே" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. அந்த மீன் குளிர்ந்த கடலில் பிறந்து, கடைசிவரை குளிரிலேயே கைமாறி வருகிறது. நம் வெயிலில் சாளை, அயிலை மாதிரி மீன்கள் சூடு பட்டுக் கொஞ்ச நேரம் கிடந்தாலே ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். உண்டானால் உறையவைத்தாலும் போகாது, சமைத்தாலும் போகாது. உடம்பெல்லாம் தடித்துப் போகும். குளிர் இருந்தால்தான் டச்சு ஹெர்ரிங். குளிரை எந்தப் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவது?

"பச்சையா திங்கதுக்கு நாம என்ன பூனையா மக்களே?" என்றார் அத்தை.

மகள் முகம் வாடிப்போனது. அப்போதுதான் பக்கத்து வீட்டம்மாவின் இன்னொரு ஜாடி எனக்கு நினைவு வந்தது. ஸ்ட்ரோம்மிங்கின் நடுமுள்ளை எடுத்து, ரை மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, ஆறியதும் அதே ஒன்று-இரண்டு-மூன்று கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போடுவார். பொரித்த மீனுக்கு ஊறுகாய்! இது நம் வீட்டில் நடக்காதா என்ன?

குளச்சல் சந்தையில் ஐஸில் இருந்த புதுச் சாளையைப் பார்த்து வாங்கினேன். ரை மாவுக்குக் கம்பு மாவு. சோயிக்கீரை கிடைக்கவில்லை. சர்வசுகந்தி மரம் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நிற்கிறது. பிரியாணிக்கு அதன் இலையைத்தான் கேட்டு வாங்குவோம். ஸ்வீடன் வினிகர் 12 சதவிகிதக் காரம். நம் கடையில் நான் வாங்கியது 4 சதவிகிதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், வினிகர் மூன்று, சர்க்கரை இரண்டு, தண்ணீர் ஒன்று என்று வருகிறது. அவர்களுடைய ஒன்று-இரண்டு-மூன்று நாகர்கோவிலுக்கு வந்ததும் மூன்று-இரண்டு-ஒன்று ஆகிவிட்டது. ஜாடியை ஃப்ரிட்ஜில் வைத்தோம். செய்து பார்க்கிறவர்கள் நீங்களும் ஃப்ரிட்ஜில்தான் வைக்கவேண்டும்; மூன்று நாளுக்குள் காலி செய்துவிடுங்கள்.

மறுநாள் உருளைக்கிழங்கை அவித்து, தயிரை வடிகட்டி வைத்து, நாலு பேரும் மேஜையில் உட்கார்ந்தோம். மகள் ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தட்டில் மீனைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று சட்டம் சொன்னாள். அத்தை ஒரு வாய் எடுத்து மென்றுவிட்டு, "மீன்ல இனிப்பா? சொல்லியிருந்தா நாலு பச்சை மிளகாயக் கீறிப் போட்டிருப்பேனே" என்றார். அடுத்த முறை போட்டார். கடுகையும் தட்டிப் போட்டார். ஒரிஜினலைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் கோத்தன்பர்க்கில் யாராவது கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது.

இந்த மேஜையைப் போட்டோ எடுத்துத் தன் ஸ்வீடன் தோழிக்கு அனுப்பினாள் மகள். கம்பு மாவு என்றால் என்ன, சர்வசுகந்தி எங்கே கிடைக்கும் என்று அவர்கள் வீட்டில் கேட்டார்களாம். பதில் எழுதவே ஒரு மணி நேரம் ஆனது.

டச்சு ஹெர்ரிங்தான் பாக்கி. அதற்கு அங்கேதான் போயாகவேண்டும். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வருடத்து ஜூன் மாதத்துக்கு இவர் இப்போதே டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "கடைக்காரர்கிட்ட நான்தான் பேசுவேன்" என்று மகள் முன்பதிவு செய்துவிட்டாள். அத்தைக்கும் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். "மீனைத் தொடமாட்டேன், வெங்காயம் வேணா திங்கேன்" என்கிறார்.