திருகில்லாத நெருப்பு

புதிதாக ஒன்றை அமைப்பவர் ஆயிரம் முறை யோசிப்பர். இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பவரோ, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று துணிந்துவிடுவர். அவ்வாறு துணிந்து, பின்னர் தலைகுனிந்தவர்களுள் நாமும் ஒருவர். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக வெப்பத்தைப் பற்றிப் பாடம் நடத்திவரும் நமக்கு, அப்பாடத்தை நம் வீட்டு அடுக்களையே மீண்டும் கற்பிக்க வேண்டியதாயிற்று.

2022 ஆம் ஆண்டை இலங்கைக் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் விடியுமுன்னரே தெருவில் வரிசை நின்ற காலம் அது. 2021 ஒக்டோபர் முற்பகுதி வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. அந்த விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்க்கும் சிலிண்டர் கிடைப்பது அரிதாயிற்று.

எமது திருக்கோவிலில் விறகுக்குப் பஞ்சமில்லை. கடற்கரை மணலில் வளர்ந்து நிற்கும் தென்னைகள் ஓலையும் பாளையும் சிரட்டையும் பொச்சுமட்டையுமாக எரிபொருளை வாரி வழங்குகின்றன. ஆகவே, 1980களில் இந்நாட்டில் பரவத் தொடங்கிய 'அனகி' என்னும் மண்ணடுப்பு ஒன்றை வாங்கி வந்தோம். ஒரே தீயில் இரண்டு பானைகள் கொதிக்கும். மூன்று கல் வைத்து எரிப்பதைவிட விறகும் குறைவாகவே செலவாகும். எரிவாயு அடுப்பு இருந்த அதே அறையில், சிலிண்டரிலிருந்து நாலடி தள்ளி அதனை வைத்தோம். காஸ் கிடைத்தால் காஸ், கிடையாவிட்டால் விறகு என்று எமது ஏற்பாட்டை நாமே மெச்சிக்கொண்டோம்.

அன்னையார் மட்டும் மெச்சவில்லை. "மனே, அடுப்பைக் கொண்டு வந்திட்டாய், புகை போறதுக்கு வழி எங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எரிவாயு எமது வீட்டுக்கு வந்தபோது, மழைநீர் ஒழுகுகிறது, வௌவால் அடைகிறது என்று சொல்லிப் பழைய புகைக்கூட்டைச் சீமெந்து பூசி அடைத்தவர் நாமே. "யன்னல் இருக்கிறதே அம்மா" என்று சிரித்துவிட்டு அப்பால் சென்றோம்.

கச்சான் காற்று சுழன்றடித்த ஓர் ஆனி மாதப் பிற்பகல். மணலும் சாம்பலும் சோற்றில் விழுகின்றன என்று அன்னையார் யன்னலையும் கதவையும் சாத்திவிட்டார். தீ தணிந்து, அடுப்பில் தணல் மட்டுமே கனன்றது. கண்ணைக் கரிக்கும் புகை இல்லை; ஆகவே ஆபத்தும் இல்லை என்று யாரும் எண்ணுவர். சிறிது நேரத்தில் எமது மகள், "அப்பா, அப்பம்மா விழுந்திட்டா!" என்று அலறிய குரல் இன்றும் எம் காதில் ஒலிக்கிறது.

முற்றத்து வேம்பின் கீழ்க் கிடத்தியதும் அன்னையார் கண் திறந்தார். வைத்தியசாலையில், தணலிலிருந்து எழுந்த காபனோரொட்சைட்டே காரணம் என்றனர். நிறமும் மணமுமற்ற அவ்வாயுவைப் பற்றிக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவர் நாம்! இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். அன்று சிலிண்டரும் கசிந்திருந்தால்? அவ்வெண்ணம் பல இரவுகள் எம்மை உறங்கவிடவில்லை.

மறு ஆண்டு இங்கிலாந்திலிருந்து மைத்துனர் விடுமுறையில் வந்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே கொதிகலனில் நீரைச் சூடாக்கி, குழாய் வழியே அறைதோறும் உள்ள இரும்புத் தகடுகளுக்கு அனுப்பி வீட்டை வெப்பமாக்குவர். எண்ணெய் விலை ஏறியதால், பழைய எண்ணெய்க் கொதிகலனோடு விறகுக் கொதிகலன் ஒன்றையும் அவர் இணைத்திருந்தார். எமது கதையைக் கேட்டதும் அவர் சொன்னார்: "அத்தான், எண்ணெய் நெருப்பைத் திருகி நிறுத்தலாம், மின்சாரம் போனால் அது தானாகவே நின்றுவிடும். விறகு நெருப்புக்குத் திருகு இல்லை. நீரை ஓட்டும் பம்பு நின்றாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும்."

ஓடாத நீர் கொதிக்கும். ஆவிக்கு வழியில்லையேல் கலன் வெடிக்கும். அதனால், கொதிகலனிலிருந்து மேல்மாடத் தொட்டிவரை அடைப்பு வால்வு எதுவுமற்ற குழாய் ஒன்று திறந்தே செல்கிறதாம். மேலேயுள்ள ஓர் இரும்புத் தகட்டைப் பருத்த குழாய்களால் கொதிகலனோடு இணைத்து, அதனையும் ஒருபோதும் மூடமுடியாதபடி அமைத்திருக்கிறார்களாம். சூடான நீர் தானே மேலேறும்; குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும். பம்பு நின்றாலும் வெப்பம் வெளியேற வழியுண்டு. நாம் மாணவர்க்குச் சொல்லும் மேற்காவுகை அங்கே உயிர் காக்கிறது! அன்றியும், புதிதாக விறகுக் கொதிகலன் வைக்கும் அறையில் காபனோரொட்சைட்டை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்தில் 2010 முதல் விதியாம்.

அன்னையார் இதையெல்லாம் கேட்டிருந்துவிட்டு, "அதைத்தானே நானும் கேட்டனான்" என்றார். எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

வீட்டு அடுப்புப் புகையும் நச்சுக்காற்றும் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயின என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் எத்தனை அன்னையர், "வழி எங்க?" என்று கேட்டுப் பதில் பெறாதவரோ!

அவ்வாரமே மேசனை அழைத்து, அடைத்த புகைக்கூட்டைத் திறப்பித்தோம். மழை ஒழுகாமலிருக்க அதன்மேல் தகரக் கூரை ஒன்றும் இட்டோம். எரிவாயு அடுப்பையும் சிலிண்டரையும் காற்றோட்டமுள்ள பின் விறாந்தைக்கு மாற்றினோம். யன்னலின் கீழ்க்கதவைக் கழற்றிக் கம்பிவலை அடித்தோம். இனி அதனைச் சாத்த யாராலும் இயலாது.

முதல் நாள் அடுப்பு மூட்டியதும் அன்னையார் முற்றத்துக்குச் சென்று அண்ணாந்து பார்த்தார். கூரைக்கு மேலே எழுந்த புகை, கச்சானோடு சேர்ந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப சரி" என்று சொல்லி, அரிசி களையப் போனார்.